நாற்றுமேடைக்கு நாள் குறித்தவர்கள்

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் "மிளகாய்க்கு எப்ப மேடை போடுறீங்கள்?" எண்டு கேட்டால் அவர் திகதி சொல்லமாட்டார். "மழையைப் பாத்துத்தான்" எண்டுவார். அவரைக் கொஞ்ச நேரம் கதைக்க விட்டால் மழைக்குப் பின்னாலேயே மண்ணெண்ணெய் விலை வரும், கூலிக்கு ஆள் கிடைக்காத கதை வரும், தம்புள்ளை விலை வரும், போன மாரியில் வாங்கின கடன் வரும். ஒரு விதையை மண்ணில் போடுகிற நாளைத் தீர்மானிப்பதில் இத்தனை பேருக்குப் பங்கு எப்படி வந்தது? எங்கட பாடசாலைச் சரித்திரப் புத்தகங்களில் இதற்கு இடமில்லை. ஆனால் சங்கிலியன் கதையை விட இது எங்கட வீட்டுச் சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்டவாக இருக்கிற சரித்திரம்.

முதலில் நிலத்தைச் சொல்லவேண்டும். குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு எதுவும் இல்லை. வழுக்கையாறு கூட மாரிக்கு மட்டும் ஓடுகிற ஆறுதான். மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். பெய்கிற மழை அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கடல்நீருக்கு மேலே நல்ல தண்ணியாக மிதந்து நிற்கும். கிணறுகள் அதைத்தான் தொடுகின்றன. மழையில் பெரும்பங்கு ஒக்ரோபர் நடுப்பகுதியில் இருந்து டிசம்பர் வரைக்கும், வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து போய்விடும். மிச்ச மாதங்களுக்கு அதுதான் வங்கிக் கணக்கு.

இதனால் இங்கே 'வயல்' வேறு, 'தோட்டம்' வேறு. வயல் மழையை நம்பி நிற்கும். புரட்டாதியில் புழுதி விதைப்பு, தை மாசியில் அறுப்பு. தோட்டமோ கிணற்றை நம்பி நிற்கும். மழை பிந்தினால் நெல்லுக்காரர் தவித்துப்போவார். தோட்டக்காரருக்கு அந்த நேரத்துப் பயம் நேர்மாறானது: மழை கூடிவிடுமோ எண்டுதான் அவர் வானத்தைப் பார்ப்பார். கோப்பாய், உரும்பிராய், இணுவில், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் தண்ணியைக் கெதியாக உள்ளே இழுத்துவிடும். ஆகவே வலிகாமத்தில் மாரியிலும் மரக்கறி வைக்கலாம். தண்ணி தேங்கி நிற்கிற தாழ்ந்த நிலங்களில் அதே கத்தரிக் கன்று மூன்று நாளில் வேர் அழுகிச் செத்துப்போகும்.

கணக்கு எப்படிப் போகும் எண்டு பாருங்கள். மிளகாய் விதை மேடையில் ஒரு மாதம், கொஞ்சம் கூடவும் இருக்கும். பிடுங்கி நட்டால் முதல் பச்சை மிளகாய் ஆய இரண்டு, இரண்டரை மாதம். தைப்பொங்கலுக்குச் சந்தைக்குக் காய் வரவேண்டும் எண்டால் பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் புரட்டாதி தொடங்குகிற பாட்டில் மேடையில் விதை இருக்கவேண்டும், ஐப்பசியில் கன்று தோட்டத்துக்குள் நிற்கவேண்டும். அதாவது இளங்கன்று, வருசத்திலேயே ஆகப் பெரிய மழைக்கு முன்னால் போய் நிற்கும். தப்பினால் நல்ல விலை, ஏனெண்டால் மார்கழியில் எல்லாருடைய தோட்டமும் அடிபட்டுக் கிடக்கும். தப்பாவிட்டால் விதையும் பசளையும் கூலியும் போச்சு. மழை விட்டபிறகு மார்கழிக் கடைசியில் நடுகிறவருக்குக் கன்று பிழைக்கும். பிறகு வருகிற வெயிலில் செத்தல் காயவைக்கவும் வசதி. ஆனால் அந்த நேரம் ஊரெல்லாம் காய். முந்தினால் விலை, பிந்தினால் உயிர். எந்தப் பக்கம் சாய்வது என்பதை ஒவ்வொரு காலத்திலும் வேறு வேறு சக்திகள் தீர்மானித்திருக்கின்றன எண்டதுதான் நான் சொல்ல வருகிற விசயம்.

நீண்ட காலம் அதைத் தீர்மானித்தது புகையிலை. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போய்க்கொண்டிருந்தது. குடாநாட்டுச் செம்மண் தோட்டங்களின் காசு அந்தக் கடல் வழியாகத்தான் வந்தது. புகையிலைக் கன்று ஈரம் தாங்காது. ஆகவே மாரியின் அடைமழை தணிகிற நேரம் பார்த்து நடுவார்கள். அதற்கு முன்பே ஆட்டுப்பட்டி மாட்டுப்பட்டி அடைத்து, குழை தாழ்த்து, நிலத்தைக் கொழுக்கப் பண்ணியிருப்பார்கள். மரக்கறி என்பது புகையிலைக்கு முந்தின இடைவெளியிலும் வரம்போரத்திலும் வீட்டுத் தேவைக்கு வைக்கிற சாமான். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருவிதாங்கூர்ச் சந்தை சுருங்கி, புகையிலை சுருட்டாகித் தெற்குக்குப் போகத் தொடங்கியபோதும் இந்த ஒழுங்கு பெரிதாக மாறவில்லை.

இந்த இடத்தில் 'யாழ்ப்பாணத்து உழைப்பாளிக் கமக்காரன்' எண்ட அந்தப் பெருமைப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். மூச்சுக்கு மூச்சு நாங்கள் சொல்லிக்கொள்ளுகிற படம் அது. துலாவில் தண்ணி இறைக்க ஒருவர் போதாது. துலா மேலே ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க ஒருவரோ இருவரோ, கிணற்று வாயில் நின்று பனையோலைப் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க ஒருவர், வாய்க்காலைப் பாத்திக்குப் பாத்தி திருப்பிவிட இன்னொருவர். விடியப்புறத்துக்கு முன்னம் தொடங்குகிற வேலை. இப்படி மிதித்தவர்களில் கனபேருக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு பரப்புக் கூடச் சொந்தமில்லை. ஒடுக்கப்பட்ட சாதிச் சனத்துக்குப் பல ஊர்களில் அதே கிணற்றில் குடிக்க அள்ளும் உரிமையும் இருக்கவில்லை. மேடைக்கு நாள் குறித்தவர் ஒருவர். அந்த நாளில் மழைக்குள் நின்றவர் வேறொருவர்.

பெண்களின் கதையும் இதுதான். கிடுகால் மறைப்புக் கட்டி, விதை முளைக்கும்வரை பூவாளியாலோ கையாலோ தண்ணி தெளித்து, களை பிடுங்கி, கன்றை வேரறாமல் கிளப்பி நட்டு, பிறகு காய் ஆய்வது வரைக்கும் பெரும்பாலும் பெண்களின் கைதான். கூலி மட்டும் ஆண்களை விடக் குறைவு. பதிவேட்டில் 'கமக்காரன்' எண்டு ஆண்பாலில் ஒரு பெயர் இருக்கும்.

1950களுக்குப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. துலா படுத்தது. நாலு பேர் வேலையை ஒரு 'மிசின்' செய்தது. நிலமில்லாதவர்கள் கூலியை இழந்தார்கள் எண்டும் சொல்லலாம், அந்த முதுகொடிக்கும் வேலையில் இருந்து தப்பினார்கள் எண்டும் சொல்லலாம். இரண்டும் உண்மை. குத்தகைக்கு நிலம் எடுத்துத் தாங்களே செய்கை பண்ணத் தொடங்கியவர்களும் உண்டு. மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தின் எம்.ஐ.1, எம்.ஐ.2 மிளகாய் இனங்களும், யூரியாவும், பூச்சி மருந்தும் இந்தக் காலத்தில்தான் ஊருக்குள் வேரூன்றின. புகையிலை நின்ற நிலத்தில் மிளகாயும் சின்ன வெங்காயமும் நிற்கத் தொடங்கின.

பிறகு வந்தது 1970. சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான கூட்டரசாங்கம் அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற வெளிநாட்டு மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. அடுத்த ஏழு வருசமும் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்குப் பொற்காலம். செத்தல் மிளகாய் விற்றுக் கல்வீடு கட்டினவர்கள், ரக்ரர் வாங்கினவர்கள் பற்றிப் பழைய ஆட்கள் இப்பவும் கதைப்பார்கள். 1960களின் பிற்பகுதியில் இருந்தே விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் தொடங்கியிருந்தன. மிளகாய் விலை ஏற, வன்னிக் காட்டோரத்தில் காணி வெட்டி மேடை போட்ட இளைஞர்களின் கையிலும் காசு புரண்டது.

ஆனால் அதே அரசாங்கம்தான் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழகக் கதவு ஒரு தலைமுறைக்கு முன்னால் பாதி மூடப்பட்டது. 1972 அரசியலமைப்பும் அந்த அரசாங்கத்தினுடையதுதான். பாணுக்கு வரிசை, மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு, மரவள்ளிக் கிழங்கே சாப்பாடு எண்டு மற்றச் சனம் கஷ்டப்பட்டதும் அந்தக் காலம்தான். கம்பஸ் கிடைக்காத பெடியன் ஒருவன் அப்பாவோடு மிளகாய்த் தோட்டத்தில் இறங்கி, எழுதுவினைஞர் உத்தியோகத்தை விடக் கூட உழைத்திருப்பான். அவன் அந்த அரசாங்கத்தை வாழ்த்துவதா, திட்டுவதா? தமிழ்த் தேசிய வரலாற்று எழுத்து இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை எண்டு எனக்குப் படுகிறது. வெங்காயம் ஒரு சங்கடமான சாட்சி.

அந்தச் சாட்சி 1982இல் வாக்குப் பெட்டிக்குள் போனது. ஒக்ரோபர் மாதம் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி போட்டியிடவில்லை. கனபேர் வாக்களிக்கவும் போகவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் குமார் பொன்னம்பலம் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்தவர் சிறிலங்கா சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ, கிட்டத்தட்ட 35 சதவீத வாக்கோடு. நாட்டை வென்ற ஜே.ஆர். ஜெயவர்த்தனவுக்கு அங்கே கிடைத்தது 20 சதவீதம் அளவில்தான். கொப்பேகடுவ 1970 தொடக்கம் 1977 வரை விவசாய, காணி அமைச்சராக இருந்தவர். 1977இல் வந்த ஜே.ஆர். அரசாங்கம் திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்து, வெளிநாட்டு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் துறைமுகத்தைத் திறந்துவிட்டது. விலை விழுந்தது. அந்த வாக்குகளில் ஒரு பகுதியாவது தோட்டத்தில் இருந்து வந்தது எண்டு நினைப்பதற்கு இது போதும். இனக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தத் தேர்தல் முடிவு விளங்கவே விளங்காது.

இதுவரை நாள் குறித்தது சந்தை. 1990 யூனில் இருந்து போர் குறிக்கத் தொடங்கியது.

பொருளாதாரத் தடையில் பெற்றோல், பசளை, பற்றறி எல்லாம் தடைப்பட்ட சாமான்கள். மண்ணெண்ணெய் எட்டாத விலைக்குப் போனது. மின்சாரம் இல்லை. நாலு சொட்டுப் பெற்றோலில் 'ஸ்ராட்' பண்ணி மிச்சத்துக்கு மண்ணெண்ணெயில் மிசினை ஓட்டுகிற வித்தையை ஊரே பழகிக்கொண்டது. ஒரு லீற்றரில் எத்தனை பாத்தி நனையும் எண்ட கணக்கு வந்துவிட்டால் எவ்வளவு நிலத்தில் என்ன வைப்பது எண்டதும் மாறிவிடும். மழை இலவசமாக நனைக்கிற மாரிச் செய்கையின் பெறுமதி கூடிவிடும். யூரியா வெடிமருந்துக்குப் பாவிக்கப்படும் எண்ட காரணத்தால் வராது. சாணியும் குழையும் சாம்பலும் திரும்ப வந்தன. 2021இல் முழு நாடும் 'இயற்கை விவசாயம்' எண்டு விழி பிதுங்கி நின்றபோது எங்கட ஊர்க் கிழவர்களுக்கு அது புதிதாக இருக்கவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. 90களில் பாதை மூடியிருந்ததால் தெற்கு மரக்கறியும் உள்ளே வராது. விளைந்த கத்தரிக்காய்க்கு உள்ளூரிலேயே வாங்க ஆள் இருந்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதியை நாங்கள் இடப்பெயர்வு நாளாக நினைவுகொள்ளுகிறோம். ஒரே இரவில் வலிகாமம் வெறுமையாகி, செம்மணி, நாவற்குழிப் பக்கத்தால் தென்மராட்சிக்குச் சனம் நகர்ந்த நாள். அது ஐப்பசி நடுப்பகுதி. விவசாய நாட்காட்டியில் அந்தத் திகதியை வைத்துப் பாருங்கள்: மேடையில் மிளகாய்க் கன்றும் கத்தரிக் கன்றும் பிடுங்கும் பருவத்தில் நிற்கிற நேரம், வயலில் நெல் முளைத்து நிற்கிற நேரம், விதை வெங்காயம் பிடி பிடியாகக் கட்டி வீட்டுக்குள் தொங்குகிற நேரம். குழந்தையையும் கிழவியையும் சைக்கிளில் ஏற்றினவருக்கு விதை வெங்காயம் ஏற்ற இடம் ஏது? சின்ன வெங்காயம் குமிழில் இருந்துதான் அடுத்த போகத்துக்குப் போகும். ஒரு போகம் தவறினால் விதையும் சேர்ந்து தவறும். அடுத்த வருசம் சித்திரைக்குப் பிறகு வலிகாமத்துக்குத் திரும்பியவர்கள் நகையையும் வீட்டையும் மட்டுமல்ல, ஒரு முழுக் காலபோகத்தையும் தொலைத்துவிட்டுத்தான் திரும்பினார்கள். இழப்புப் பட்டியல்களில் இதற்கு ஒரு நிரல் இருப்பதை நான் கண்டதில்லை.

திரும்பவே முடியாதவர்களும் இருந்தார்கள். மயிலிட்டி, பலாலி, வசாவிளான் பக்கத்துச் செம்மண், குடாநாட்டின் ஆக நல்ல தோட்ட நிலங்களில் ஒன்று. 1990இல் அங்கிருந்து எழும்பின சனத்தின் காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. போர் முடிந்த பிறகுதான் துண்டு துண்டாக விடத் தொடங்கினார்கள். இன்னும் முழுக்க விட்டபாடில்லை. அம்மா அப்பா எழும்பிப் போன காணிக்குள் பிள்ளைகள் முப்பது வயதில் முதல் முறை கால் வைக்கும்போது, வேலி இல்லை, கிணறு தூர்ந்து கிடக்கிறது, எந்த மூலையில் மழைத்தண்ணி நிற்கும், எந்த மூலையில் நிற்காது எண்டு சொல்ல ஆள் இல்லை. மேடை போடுவதற்கு அந்த அறிவுதான் முதல் முதல்.

ஏ9 பாதையின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, 2009இல் திரும்பத் திறந்தது. திறந்த ஒவ்வொரு முறையும் எங்கட வெங்காயம் தெற்குக்குப் போனது. தெற்கின் லொறி எங்கட சந்தைக்கு வந்தது. இன்றைக்கு மருதனார்மடத்திலும் திருநெல்வேலியிலும் காலையில் சொல்லப்படுகிற விலைக்குப் பின்னால் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம் நிற்கிறது. கற்பிட்டியின் மிளகாயும் வெங்காயமும் நிற்கின்றன. இந்தியப் பெரிய வெங்காயத்துக்கு விதிக்கிற விசேட பண்ட வரியும் நிற்கிறது. அந்த வரி ஒரு வர்த்தமானியால் இரவோடிரவாக ஏறும், இறங்கும். மூன்று மாதத்துக்கு முன் மேடை போட்டவருக்கு அது எப்படித் தெரியும்?

2021 மே மாதத்தில் வந்த வர்த்தமானி இன்னும் பெரியது. இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதி முழுக்கத் தடை. நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கியது. ஆனால் நவம்பர் எண்டால் எங்களுக்குக் கன்று நட்டு முடிந்த மாதம், அல்லது நடலாமா விடலாமா எண்டு யோசித்து விட்டுவிட்ட மாதம். அடுத்த வருசம் எண்ணெய் நெருக்கடி. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே தாவலில் 340 ரூபாய் ஆனது. மேடை போட ஆயத்தப்படுகிற நேரம்! கடற்றொழிலாளர் பற்றி அப்போது பேசினார்கள், சரிதான். இறைப்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிற தோட்டக்காரர் பற்றிப் பேசினவர்கள் குறைவு.

மழையை நான் மறந்துவிடவில்லை. 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் குடாநாட்டை வெள்ளத்தில் மூழ்கடித்தது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி. இரண்டும் வந்த கிழமைகளைக் கவனியுங்கள்: முந்தி நட்டவரின் கன்று பூக்கத் தொடங்கி, பிந்தி நடுகிறவரின் கன்று மேடையில் நிற்கிற கிழமைகள். இரண்டு பக்கமும் அடி. மழை கிழமைக்கணக்கில் பரந்து பெய்தால் சுண்ணக்கல் குடிக்கும். ஒரே நாளில் கொட்டினால் பாதி கடலுக்கு ஓடும், மிச்சம் பாத்தியில் நின்று வேரை அழுக்கும். அந்தக் கிணற்றுத் தண்ணியும் இப்ப பழைய தண்ணி இல்லை. மிசின் வந்த காலம் தொட்டு அளவு கணக்கில்லாமல் இறைத்ததில் கரையோரக் கிணறுகள் உவர்த்துப்போயின. கொட்டின யூரியா நைத்திரேற்றாக நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறது. 1980களில் இருந்தே ஆய்வாளர்கள் இதைச் சொல்லிவருகிறார்கள். வலிகாமத்தின் பல கிணறுகளில் அது குடிநீருக்கான உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. 70களின் கல்வீடுகளுக்கு நாங்கள் இன்னும் காசு கட்டிக்கொண்டிருக்கிறோம் எண்டு சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வரும். பரவாயில்லை.

இப்போது தோட்டக்காரர் என்ன செய்கிறார்? வசதியுள்ளவர் ஒரே மேடையாகப் போடுவதில்லை. புரட்டாதி தொடக்கத்தில் கொஞ்சம், இரண்டு மூன்று கிழமை விட்டுக் கொஞ்சம், ஐப்பசியில் கொஞ்சம் எண்டு தவணை தவணையாகப் போடுவார். முதல் தவணை மழையில் போனால் இரண்டாவது கைகொடுக்கும். மேடை மண்ணை வைக்கோலும் உமியும் போட்டு எரித்துச் சுட்டு, பாத்தியை உயர்த்தி, மழைத்துளி அடிக்காமல் கிடுகுக்குப் பதிலாகப் பொலித்தீன் கூரை போடுவார். இந்த முறையில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. வானிலை அறிவிப்பை விட இது பழைய காப்புறுதி. ஆனால் மூன்று தவணைக்கு மூன்று மடங்கு விதை வேண்டும். கலப்பின விதைப் பக்கெற் என்ன விலை எண்டு ஒருக்கால் கடையில் விசாரித்துப் பாருங்கள். வீட்டில் எடுத்து வைத்த விதையில் இதைச் செய்தவருக்கு அந்தச் செலவு இருக்கவில்லை.

குத்தகைக்கு இரண்டு பரப்புச் செய்கிறவருக்கு, போரில் புருசனை இழந்து தனியாகத் தோட்டம் பார்க்கிற பெண்ணுக்கு, இந்த மூன்று தவணை எட்டாது. அவர்கள் இப்போது கன்றை வாங்கித்தான் நடுகிறார்கள். தும்புச்சோறு நிரப்பின தட்டுகளில் வளர்த்து விற்கிற நாற்றுப் பண்ணைகள் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. கன்று நல்ல கன்று, வேர் அறாது, மறுப்பில்லை. ஆனால் பண்ணைக்காரர் ஆகக் கூட விலைபோகிற நாளுக்குக் கன்றை ஆயத்தப்படுத்துவார். முதலில் முற்காசு கட்டின பெரிய தோட்டக்காரருக்குக் கொடுப்பார். மிச்சக் கன்று இருக்கா எண்டு கேட்டு ஐப்பசி மழைக்குள் சைக்கிளில் போய் நிற்கிறவருக்கு அவர் சொல்லுவது: "அடுத்த கிழமை வாங்கோ அக்கா."